உயிர்ச்சத்துக் குளிசையும் துவிச்சக்கர வண்டியோட்டமும்

இருபதாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் துவிச்சக்கர வண்டியிலே பாடசாலைக்குச் சென்று மீளும் ஆசிரியனொருவனுக்கு அவ்வண்டியைப் பற்றி எழுதுதற்கு ஓரளவு உரிமையுண்டு எனக் கொள்ளலாம். உயிர்ச்சத்தைப் பற்றி எழுதுதற்கு அத்தகைய உரிமை எனக்கில்லை. யான் பயின்று பட்டம் பெற்றவை கலைத்துறைப் பாடங்களே. ஆயினும், சென்ற ஆண்டு நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இத்துறை பற்றிய நூல்களையும் ஆய்வுகளையும் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டிற்று. அவ்வாறு படித்தறிந்தவற்றை மாணவர்க்கும், இன்று பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேல்வகுப்பு மாணவனொருவன் வண்டியோட்டப் போட்டியொன்றிற்குத் தன்னை ஆயத்தஞ் செய்துவந்தான். அதே ஆண்டில் உயர்தரப் பரீட்சையும் அவனை எதிர்நோக்கி நின்றது. ஒரு நாள் முதலாம் பாடவேளையில் அவன் மேசைமேல் தலை சாய்த்திருக்கக் கண்டு காரணம் வினவினேன். விடியுமுன் எழுந்து முப்பது கிலோமீற்றர் வண்டியோட்டி வந்தானாம். காலையில் உண்டது யாதெனக் கேட்டேன். ஒரு கோப்பை வெறுந்தேநீரும் இரண்டு குளிசைகளும் என்றான். சட்டைப்பையிலிருந்து புட்டியொன்றை எடுத்துக் காட்டி, "சேர், இதிலை எல்லா விற்றமினும் இருக்குது. உடம்புக்கும் நல்லம், மூளைக்கும் நல்லம் எண்டு எழுதியிருக்கு" என்றான். தையல் வேலையால் குடும்பத்தைத் தாங்கும் அவன் தாய், மாதந்தோறும் அப்புட்டியை வாங்கிக் கொடுக்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அதன் விலைக்கு வீட்டார் அனைவர்க்கும் ஒரு வாரத்திற்குப் போதிய முட்டையும் பாலும் வாங்கியிருக்கலாம்.

புட்டியின் மேல் எழுதப்பட்டிருந்த அவ்விரு கூற்றுகளும் உண்மையா? குளிசை காலுக்கு வலுவூட்டுமா? அறிவைக் கூர்மையாக்குமா? இவையே யான் விடை தேடிய வினாக்கள்.

உயிர்ச்சத்து என்னும் தமிழ்ச் சொல் அழகியது. ஆனால் சற்று மயக்கந் தருவது. உயிரைத் தருஞ் சத்து எனப் பொருள்பட நிற்றலால், அதனை மிகுதியாக உண்டால் உயிர்ப்பும் மிகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இக்குற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டிற் பிறந்த கசிமிர் பங்க் என்பார் 1912 ஆம் ஆண்டிலே இப்பொருள்களுக்குப் பெயரிட்டபோது, உயிர் எனப் பொருள்படும் 'வீற்றா' என்னும் இலத்தீன் சொல்லையே முதனிலையாகக் கொண்டார். பெயர் பிறந்த அன்றே விளம்பரமும் பிறந்துவிட்டது எனலாம்.

பெயர் தோன்றுமுன்னரே பொருள் அறியப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாவிலே, பற்றேவியா நகரில், எய்க்மான் என்னும் மருத்துவர் 1890 ஆம் ஆண்டையடுத்த காலத்திற் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். நன்றாகத் தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசியை உண்டவை தேறின. மனிதரிடத்தும் இவ்வாறே கால் தளரச் செய்யும் நோய் ஒன்றுண்டு. அதுவே பெரிபெரி. இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லொன்று இரட்டித்து அப்பெயராயிற்று என்பர். இவ்வாராய்ச்சிக்காக எய்க்மானுக்கு 1929 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் நம்மவர்க்கு நேரே தொடர்புடைய செய்தியொன்றைக் கூறாது செல்லல் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாய் நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயாற் பெருந்தொகையாக மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. இனத்தின் வேறுபாடோ, இருப்பிடத்தின் வேறுபாடோ என மருத்துவர் மயங்கினர். பிரட்டன் என்னும் மருத்துவர் 1907 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே அரிசியையே காரணமாகக் காட்டினார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியிலே பிளெச்சர் என்பார் 1905 ஆம் ஆண்டிறுதியில் நோயாளரை வரிசையாக நிறுத்தி, ஒன்றுவிட்டொருவராகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வெள்ளையரிசியும் மறு பாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து ஏறத்தாழ ஓராண்டு நோக்கினார். வெள்ளையரிசி உண்டோருட் பலர் பெரிபெரியுற்றனர், சிலர் இறந்தனர். மறு பாதியினருள் அந்நோயால் இறந்தவர் எவருமிலர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய பகுதியிலுள்ள தயமின் என்னும் விற்றமின் பி1 மணியின் உள்ளே ஊறிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. நம் பாட்டிமார் இவ்விரசாயனத்தை அறிந்து நெல்லை அவித்தாரல்லர்; ஆனால் அவர்தம் அடுப்பங்கரை வழக்கம் கடல் கடந்து சென்ற பல்லாயிரவரைக் காத்தது.

இவ்வரலாற்றிலே ஒரு நுட்பத்தை நோக்குக. தவிட்டிலுள்ள சத்து, வீழ்ந்தவனை எழுப்பிற்று. நின்றவனை உயரச் செய்ததாக எய்க்மானோ பிளெச்சரோ கூறவில்லை. குறையை நிரப்புதல் வேறு. நிறைந்ததன் மேல் ஊற்றுதல் வேறு. குளிசை விற்போர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றனர்.

இனி, வண்டியோட்டுவோனிடம் வருவாம். உடலுழைப்பை ஆராயும் அறிஞர் வண்டியோட்டுவோரையே பெரிதும் விரும்பி அழைப்பதற்குக் காரணமுண்டு. ஆய்வுகூடத்தில் நிலையாகப் பூட்டப்பட்ட வண்டியில் ஏறி அமர்ந்தவனை வெயிலும் காற்றும் வீதியின் மேடு பள்ளமும் தாக்கா. அவன் கால்கள் செய்யும் வேலையை உவாற்றுக் கணக்கில் நொடிக்கு நொடி அளக்கலாம். அவன் உள்ளிழுக்கும் ஒட்சிசனையும் அளக்கலாம். பயின்ற வண்டியோட்டி ஒருவன் ஒரு மணி நேரத்திற்கு 150 உவாற்று வலுவில் உழக்குகிறான் எனக் கொள்வோம். அவன் செய்த வேலை 540 கிலோயூல் ஆகும். தசையானது தான் எரிக்கும் சத்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கையே வேலையாக மாற்ற வல்லது. எஞ்சியது வெப்பமாய்க் கழியும். எனவே அவ்வொரு மணி நேரத்தில் அவன் உடல் எரித்தது ஏறக்குறைய 500 கிலோகலோரி. இது முழுவதும் சோற்றிலும் பாணிலும் பழத்திலும் எண்ணெயிலுமிருந்து வந்த சத்தியே. உயிர்ச்சத்துக் குளிசையிலிருந்து வரும் சத்தியோ கணக்கிற் கொள்ளத்தக்கதன்று.

அவ்வாறாயின் உயிர்ச்சத்தின் தொழில் யாது? மாப்பொருள் குளுக்கோசாகி, குளுக்கோசு பைருவிக்கமிலமாகி, அது மேலும் எரிவதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு நொதியம் வேண்டும். அந்நொதியங்களுட் பல, உயிர்ச்சத்திலிருந்து ஆகிய துணைப்பொருளின்றித் தொழிற்படா. பைருவிக்கமிலம் மேற்செல்வதற்குத் தயமின் வேண்டும். ஒட்சிசனோடு சேருமிடத்து இறைபோபிளேவினும் நிக்கொட்டினிக்கமிலமும் வேண்டும். தசையிற் சேமித்த கிளைக்கோசனைப் பிரிக்கும் நொதியத்தோடு விற்றமின் பி6 இணைந்திருக்கிறது. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குருதிக் கலங்கள் உருவாகப் பி12உம் போலிக்கமிலமும் வேண்டும். இவை தாம் எரிவன அல்ல. எரிதலுக்குத் துணை நிற்பன. வண்டிச் சங்கிலிக்கு இடும் எண்ணெயை இவற்றுக்கு ஒப்பிடலாம். எண்ணெய் இடாவிடிற் சங்கிலி முனகும். சில துளி இட்டால் இலகுவாய் ஓடும். ஒரு போத்தலை முழுவதும் வார்த்தால் வண்டி விரைவதில்லை, காற்சட்டைதான் கெடும்.

சில துளி என்றது எவ்வளவு? ஆயிரம் கிலோகலோரி எரிதற்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் தயமின் போதுமானது. எனவே மேற்கூறிய ஒரு மணி நேர உழைப்பிற்கு வேண்டுவது கால் மில்லிகிராம். வளர்ந்த ஆணொருவனுக்கு நாளொன்றிற்கு விதிக்கப்படுவது 1.2 மில்லிகிராம். அம்மாணவனின் புட்டியிலே ஒரு குளிசைக்கு 50 மில்லிகிராம் என எழுதப்பட்டிருந்தது. நீரிற் கரையும் இச்சத்துகளுள் மிகுந்தவற்றைச் சிறுநீரகம் அன்றன்றே வெளியேற்றிவிடும். குளிசை போட்டவரின் சிறுநீர் கடும் மஞ்சளாகத் தோன்றுவது இறைபோபிளேவின் அவ்வழியே செல்வதனாலாகும். தையற்பொறியை இரவு பகலாய் மிதித்து ஈட்டிய பணம் அவ்வழியே செல்கிறது என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலும், வண்டியோட்டுவோன் அதிகம் எரிக்கிறான். ஆதலால் அதிகம் உண்கிறான். அதிகம் உண்பதனாலேயே அதிக உயிர்ச்சத்தும் பெறுகிறான். உணவு கலப்புடையதாயிருப்பின் தேவையும் வரவும் சேர்ந்தே உயரும். ஆனால் உண்ணாமல் ஓடுவோனுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

உயிர்ச்சத்துக் குறைந்தால் உழைப்புக் குறையும் என்பதற்குத் தெளிவான சான்றுண்டு. ஒல்லாந்தில் நடைபெற்று 1988 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றிலே, உடல்நலமுள்ள ஆடவருக்கு எட்டு வாரம் தயமின், இறைபோபிளேவின், பி6, சி ஆகிய நான்கும் குறைந்த உணவு அளிக்கப்பட்டது. அந்நாட்டு விதிப்பின் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாத அளவே அவர்கள் பெற்றனர். எட்டு வார முடிவில் அவர்களின் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்புப் பத்திலொரு பங்களவு தாழ்ந்தது. குருதியில் இலற்றிக்கமிலம் சேரத்தொடங்கும் வேலையளவு ஐந்திலொரு பங்களவு தாழ்ந்தது; அஃதாவது முன்னர் இலகுவாயிருந்த வேகமே அவர்களை மூச்சிரைக்கச் செய்தது. நோயின் அறிகுறி எதுவும் அவர்களிடம் வெளிப்படையாகத் தோன்றவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆகவே, வறிய உணவு உண்ணும் இளைஞன் ஒருவன் குளிசையால் வலுப்பெற்றேன் என்று கூறின், அதனை மறுக்க எனக்குத் துணிவில்லை.

நல்லுணவு உண்போருக்கு மேலும் கொடுத்தால் யாது நிகழும்? இதற்கு விடை பழையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீசு என்பாரும் துணைவரும் போர்வீரர்க்கு வழமையான உணவோடு பல உயிர்ச்சத்துகளைக் கூட்டிக் கொடுத்துக் கடுமையாக உழைக்கச் செய்து பார்த்தனர். 1942 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு: களைப்பிலும் உழைப்பிலும் வேறுபாடில்லை. அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்தில் 82 விளையாட்டு வீரருக்கு ஏழெட்டு மாதம் உயிர்ச்சத்தும் கனிப்பொருளும் கொடுத்து நடத்திய ஆய்வு 1992 இல் வெளியாயிற்று. அங்கும் பொதுவில் முன்னேற்றம் காணப்படவில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளியில், இரு கண்டங்களில், விடை ஒன்றே.

பயனில்லையாயினும் தீங்கில்லையே என்பார்க்கு ஒரு சொல். கடுமையாக உழைக்கும் தசையில், ஒட்சிசன் பயன்படும்போது, தாக்குந்தன்மை மிக்க சில துணிக்கைகள் உண்டாகின்றன. விற்றமின் சியும் ஈயும் அவற்றை அடக்க வல்லன. ஆதலால் இவற்றை மிகுதியாக உண்டால் தசைக்கு நன்மை என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் அத்துணிக்கைகள் பகைவர் மட்டுமல்லர், தூதுவரும் ஆவர் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 'இன்று உழைப்பு மிகுந்தது. நாளைக்கு இழைமணிகளைப் பெருக்கு' என்னும் செய்தியைத் தசைக்கலத்திற்கு அறிவிப்பவற்றுள் அவையும் உள. தூதுவனை வாயிலிலேயே மடக்கிவிட்டால் செய்தி எவ்வாறு சேரும்? இசுப்பானியாவின் வலன்சியாவிலே 2008 இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் பயிற்சி செய்த ஆடவருட் சிலருக்கு நாள்தோறும் ஒரு கிராம் விற்றமின் சி கொடுக்கப்பட்டது. உடன் நடத்திய எலி ஆய்விலே பயிற்சியால் வளரவேண்டிய தாங்குதிறன் பெரிதும் தடைப்பட்டது. நோர்வேயில் 54 இளைஞரையும் யுவதியரையும் பதினொரு வாரம் ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டோர், சியும் ஈயும் உண்டவரின் தசையில் இழைமணி பெருகுதற்குரிய குறிகள் தாழ்ந்திருக்கக் கண்டனர். ஆயின் அவர்தம் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு மற்றவரைப் போலவே உயர்ந்தது. வண்டியோட்டப் பயிற்சியையே கொண்டு டென்மார்க்கில் நடத்தி 2010 இல் வெளியான ஆய்விலே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆகவே தீங்கு நிச்சயம் என்று கூறுதல் மிகையாகும். தான் வியர்வை சிந்திப் பெறும் பயனையே குறைக்கக்கூடும் என்னும் ஐயத்திற்குரிய பொருளைப் பணங்கொடுத்து உண்ணல் வேண்டுமா என்பதே என் வினா.

வேறு தீங்குகள் ஐயத்திற்கு இடமில்லாதவை. நிக்கொட்டினிக்கமிலத்தை மிகுந்த அளவில் உண்டால் உடற்கொழுப்புக் கரைந்து குருதியிற் சேர்தல் தடைப்படும். நெடுந்தூரம் ஓட்டுவோன் கொழுப்பைப் பயன்படுத்த இயலாது தன் கிளைக்கோசனை விரைவில் எரித்துத் தீர்ப்பான். பி6 ஐ நாளொன்றிற்குக் கிராம் கணக்கில் உண்ட ஏழு பேர் கால்களில் உணர்ச்சி குன்றி நடை தடுமாறியமை 1983 இல் அமெரிக்க மருத்துவரால் அறிவிக்கப்பட்டது. போட்டியில் இறங்குவோர் மற்றுமொன்றையும் அறிதல் நன்று. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளை ஜேர்மனியின் கோல்ன் நகர ஆய்வுகூடத்திற் சோதித்தபோது, அவற்றுள் 94 இல் மேலுறையிற் கூறப்படாத தடைசெய்த ஓமோன்கள் கலந்திருந்தன.

இதுவரை காலைப் பற்றிப் பேசினோம். தலையைப் பற்றி இனிப் பேசுவாம். உடற்களைப்பும் மனக்களைப்பும் வேறு வேறல்ல என்பதை முதலில் அளந்து காட்டியவர் இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் அஞ்சலோ மோசோ ஆவார். ஒரு விரலால் எடையொன்றை மீண்டும் மீண்டும் தூக்கச் செய்து, அதன் தளர்ச்சியை வரைகோடாகப் பதியும் கருவியொன்றை அவர் அமைத்தார். 1891 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே அவர் கூறும் செய்தி ஆசிரியர்க்குச் சுவையானது. அவருடன் பணியாற்றிய ஆசிரியர் மாணவர்க்கு நீண்ட நேரம் வாய்மொழிப் பரீட்சை நடத்திய பின், அவர் விரலின் வலு வெகுவாகக் குன்றியிருந்ததாம். பரீட்சையால் மாணவர் மட்டுமே தளர்வர் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

அவ்வுண்மை வண்டியிலும் சோதிக்கப்பட்டது. பிரித்தானியாவில் நடைபெற்று 2009 இல் வெளியான ஆய்விலே, 16 பேர் ஒரு நாள் 90 நிமிடம் கணினித்திரையில் எழுத்துகளைக் கூர்ந்து நோக்கி விடையளிக்கும் கடினமான மனப்பணியைச் செய்தனர்; மற்றொரு நாள் அதே நேரம் செய்திப்படம் பார்த்தனர். பின்னர் நிலைவண்டியில் ஏறி இயலாத நிலை வரும்வரை உழக்கினர். படம் பார்த்த நாளிற் சராசரியாக 754 செக்கன் உழக்கியோர், மனம் உழைத்த நாளில் 640 செக்கனிலேயே நிறுத்திவிட்டனர். இதயமோ தசையோ அதற்குக் காரணமாகக் காணப்படவில்லை. அதே வேலை அதிகக் கடினமாக அவர்களுக்குத் தோன்றிற்று, அவ்வளவே. நள்ளிரவு வரை படித்து விடியுமுன் வண்டியேறும் மாணவன் இரண்டு துறையிலும் தளர்வதற்கு இதிற் பெரியதொரு விளக்கம் உண்டு.

இம்மனக்களைப்பைக் குளிசை போக்குமா? இங்கே சான்று இருபாற்பட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் 30 முதல் 55 வயது வரையான 215 ஆடவரை 33 நாள் ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டோர், பி வகை உயிர்ச்சத்துகளை மிகுந்த அளவிற் பெற்றவர் கடினமான மனக்கணக்கின்போது சற்றுக் குறைவாகவே களைத்தனர் என்றனர். அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தவர் அக்குளிசையை ஆக்கிய நிறுவனத்தார். அதனாலே முடிவு பொய்யாகிவிடாது, எனினும் மறுமுறை பார்க்கவேண்டியதாகிறது. பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியதோ பெரியதொரு வழக்காகவே நடந்தது. உவேல்சு நாட்டிலே பெண்டனும் றொபேட்சும் உயிர்ச்சத்தும் கனிப்பொருளும் எட்டு மாதம் கொடுத்ததாற் பிள்ளைகளின் சொற்சாராத நுண்ணறிவுப் புள்ளி உயர்ந்தது என 1988 இல் அறிவித்தனர். பத்திரிகைகள் முழங்கின, கடைகளிற் குளிசைகள் தீர்ந்தன. அடுத்து இலண்டனிலும் இசுக்கொத்துலாந்தின் டண்டீ நகரிலும் பிற ஆய்வாளர் முயன்றபோது அவ்வுயர்ச்சி தென்படவில்லை. உணவிற் குறைபாடுடைய சில பிள்ளைகளிடம் மட்டுமே பயன் தோன்றியிருக்கலாம் என்பது பின்னர்ப் பலர் கொண்ட கருத்து. கோலாலம்பூர் விடுதியிற் கண்ட நுட்பம் மீண்டும் இங்கே தலைகாட்டுகிறது.

ஆயின், குளிசை போட்ட அன்று தான் விரைவாக ஓடியதாக வண்டியோட்டுவோன் கூறுவது பொய்யா? பொய்யன்று. நியூசிலாந்தில் 43 போட்டி வண்டியோட்டிகளை 40 கிலோமீற்றர் ஓடச் செய்து 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. தம் பானத்தில் மாச்சத்து உண்டு எனக் கூறப்பட்டோரின் வலு 4.3 வீதம் உயர்ந்தது. சத்தற்ற பானம் எனக் கூறப்பட்டோரின் வலு 0.5 வீதமே உயர்ந்தது. பானத்தில் உண்மையில் யாது இருந்தது என்பதை விட, யாது இருப்பதாகச் சொன்னார்கள் என்பதே காலை இயக்கிற்று. 2006 இல் வெளியான மற்றோர் ஆய்விலே வண்டியோட்டிகளுக்குக் கபேன் தருவதாகச் சொல்லி வெறுங்குளிசையே தரப்பட்டது. சிறிய அளவு பெற்றதாக நம்பியவர் 1.3 வீதமும் பெரிய அளவு பெற்றதாக நம்பியவர் 3.1 வீதமும் முன்னேறினர். வெறுங்குளிசை என்று நம்பியபோது 1.4 வீதம் பின்னடைந்தனர். நம்பிக்கைக்கு அளவும் உண்டு போலும்! வண்டியோட்டுவோன் பொய்யுரைக்கவில்லை, ஆனால் வழக்காளியும் நீதிபதியும் ஒருவனேயாகிவிடுகிறான். அதனாலேதான் நல்ல ஆய்வுகளில் உண்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் குளிசை எதுவெனத் தெரியாதவாறு மறைக்கின்றனர்.

குளிசை வேண்டியவரும் உளர் என்பதை மறைத்தல் முறையன்று. பி12 என்னும் சத்துத் தாவர உணவில் இல்லை. சைவ உணவினர் பாலும் தயிரும் கொள்வராயின் ஓரளவு பெறுவர். அவற்றையும் விலக்கியவர் குளிசையாகப் பெறுதலே தக்கது. வெளிறித் தளரும் மாணவியர்க்குப் பெரும்பாலும் குறைவது உயிர்ச்சத்தன்று, இரும்பு. அதனைக் குருதிச் சோதனையால் அறியலாம். உணவோடு தேநீர் அருந்தினால் அவ்விரும்பு உடலிற் சேர்தல் குறையும். தேசிப்புளியோ கொய்யாப்பழமோ சேர்த்து உண்டால் மிகும். கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு; எம் வளவுகளில் அதனை அணில்கள் நன்கறிந்திருக்கின்றன. கடுங்குளிரில் உழைக்கும் போர்வீரர், பனிச்சறுக்கு வீரர், நெடுந்தூர ஓட்டக்காரர் ஆகிய 598 பேரைக் கொண்ட ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோது, விற்றமின் சி தடிமனைப் பாதியாகக் குறைத்தது என்பதும் ஏற்கத்தக்கதே. பொதுமக்களிடம் அப்பயன் காணப்படவில்லை.

இவற்றை யான் அம்மாணவனுக்கு எடுத்துரைத்தபோது அவன் பொறுமையோடு கேட்டான், நம்பவில்லை. எனவே நாமே ஒரு சோதனை செய்வோம் என்றேன். அவனுடைய நண்பன் ஒருவன் கதலிப்பழத் துண்டினுள்ளே சில நாள் குளிசையையும் சில நாள் அதே அளவான சீனிக்கட்டியையும் ஒளித்துக் கொடுப்பது. அவன் மென்று பாராது விழுங்கிவிட்டு, எஞ்சிய பழத்தையும் உண்டு, ஒரே வீதியில் ஒரே தூரம் ஓடுவது. நண்பன் நேரத்தைக் குறித்து, எந்நாளில் எது என்னும் கணக்கைத் தன் கொப்பியில் மறைத்து வைத்திருப்பது. பன்னிரண்டு நாள் எனத் திட்டமிட்டோம். ஏழாம் நாள் சோளகம் எழுந்தது. அதன்பின் எதிர்காற்றில் நாலைந்து நிமிடம் பிந்தினான், குளிசை போட்ட நாளாயினும் சீனி போட்ட நாளாயினும். ஆய்வுகூடத்து வண்டியை ஏன் பூட்டி வைக்கின்றனர் என்பது எம் இருவர்க்கும் அன்று விளங்கிற்று. காற்றெழுமுன் கழிந்த ஆறு நாளைக் கொண்டு எதையும் நிறுவுதல் இயலாது. ஆனால், அவ்வாறு நாளும் வெறுந்தேநீரோடு ஓடிய முந்திய நாள்களிலும் விரைவாக முடிந்தன என்பதை அவனே கண்டு, "அப்ப, வாழைப்பழத்தைத்தான் விசாரிக்கவேணும் சேர்" என்றான்.

தாயாரிடம் அவன் என்ன சொன்னானோ அறியேன். புட்டி வாங்குவது நின்றது. இப்பொழுது ஓடுமுன் இரண்டு பழமும், ஓடி வந்தபின் புட்டும் முட்டையும் உண்டு வருகிறான். முதலாம் பாடவேளையில் தலை நிமிர்ந்தே இருக்கிறது. போட்டியில் நான்காவதாக வந்தான். முதலாவதாக வந்தவன் அதே குளிசையை நாள்தோறும் போட்டவனாம். அதனை மறைக்காமல் அவனே சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னான்.